கோள்களுக்கும் பஞ்சாங்கம் வேண்டும்: நேரம் பிசகினால் கோளே கைநழுவும்!

கே2-18பி என்ற பெயர் நம் செல்பேசிச் செய்திகளில் பலமுறை வந்துபோன ஒன்று. 124 ஒளியாண்டு தொலைவில், ஒரு சிவப்புக் குறுமீனைச் சுற்றிவரும் கோள் அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வேதிப்பொருளின் அறிகுறி தெரிவதாக 2025 ஏப்ரலில் சொன்னதும் உலகமே பரபரத்தது. நம் பூமியில் அந்தப் பொருளைப் பெரும்பாலும் கடல்வாழ் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. ஆதாரம் போதாது என்று வேறு பல குழுக்கள் மறுத்தன.

இந்தச் சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தக் கோள் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நம் கையை விட்டுப் போயிருக்க வேண்டியது. அது பலருக்கும் தெரியாத கதை.

கெப்ளர் விண்தொலைநோக்கி, கே2 என்ற தன் இரண்டாம் இன்னிங்ஸில், 2014-ல் இந்தக் கோளை இரண்டே இரண்டு முறைதான் பார்த்தது. அந்த இரண்டை வைத்து, 'சுமார் 33 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைக் கடக்கிறது' என்று கணக்குப் போட்டார்கள். 2015 ஆகஸ்டில் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அதே கோளைச் சரிபார்க்கத் திரும்பியது. கோள் வந்தது. ஆனால், சொன்ன நேரத்தில் வரவில்லை. 1.85 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 1 மணி 51 நிமிடம் பிசகியிருந்தது. கே2 தரவில் இருந்த ஒரு கோளாறான அளவீடு மொத்தக் கணக்கையும் இழுத்துவிட்டிருந்தது. நல்லவேளையாக, ஸ்பிட்சர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள்ளேயே கோள் சிக்கியது. நேரம் திருத்தப்பட்டது. 2017-ல் வெளியான அந்த ஆய்வின் தலைப்பிலேயே, கோளை 'மீட்டதாக' எழுதியிருந்தார்கள்.

அட, ரெண்டு மணி நேரம்தானே என்று தோன்றலாம். அந்தக் கோள் விண்மீனைக் கடக்க எடுத்துக்கொள்வதே இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். பிசகும் அப்படியே நிற்காது, ஒவ்வொரு சுற்றுக்கும் கூடிக்கொண்டே போகும். திருத்தாமல் விட்டிருந்தால், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-ல் அதைப் பார்க்கத் திரும்பியபோது பிசகு பத்து மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். உலகின் மிக விலையுயர்ந்த தொலைநோக்கி, வெறும் விண்மீனைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும். மீத்தேன், கார்பன் டைஆக்சைடு, அப்புறம் வந்த சர்ச்சை எதுவுமே நமக்குக் கிடைத்திருக்காது.

புறக்கோள் என்றாலே 'கண்டுபிடிப்பு' மட்டும்தான் செய்தியாகிறது. கண்டுபிடித்த கோள் அடுத்து எப்போது வரும் என்ற கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும் வேலையைக் கவனிப்பார் இல்லை. அந்த வேலைக்கும் நேரமும் பணமும் மரியாதையும் தர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

கடப்பு என்றால் என்ன?

நம் சூரியனைத் தவிர்த்த மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் நேரடியாகப் பார்த்ததில்லை. கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே குறுக்கிடும்போது, விண்மீனின் ஒளி ஒரு துளி குறையும். இதுதான் கடப்பு, ஆங்கிலத்தில் டிரான்சிட். சூரிய கிரகணத்தின் மிகமிகச் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு சின்னது? வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால், ஒளி சுமார் 1 சதவீதம் குறையும். பூமி அளவுள்ள கோள் என்றால், பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. இப்படி ஒரு கடப்பு முதன்முதலில் 1999-ல் பதிவானது. எச்டி 209458பி என்ற அந்தக் கோள் சுமார் மூன்றரை நாளில் தன் விண்மீனைச் சுற்றி முடிக்கிறது.

பஞ்சாங்கத்தில் கிரகணத்துக்கு ஸ்பரிசம், மத்திமம், மோட்சம் என்று மூன்று நேரம் போட்டிருப்பார்கள். புறக்கோள் கடப்பிலும் அதே மூன்று உண்டு. விண்மீனின் ஒளியை நிமிடத்துக்கு நிமிடம் அளந்து வரைபடமாகப் போட்டால், சமதளமாகப் போகும் கோடு ஓரிடத்தில் கிண்ணம்போல இறங்கி, மறுபடி ஏறும். அந்தக் கிண்ணத்தின் நட்டநடு நேரம்தான் மத்திமம். ஒரு கோளுக்கு ஒரு மத்திம நேரமும், ஒரு சுற்றுக்கு ஆகும் காலமும் தெரிந்துவிட்டால் போதும். சுற்றுக்காலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அடுத்த கடப்பு, அதற்கடுத்தது, நூறாவது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

சிக்கல் எங்கே?

அந்தக் 'கூட்டிக்கொண்டே போவதில்'தான். நாளுக்கு 10 விநாடி பிந்தும் சுவர்க் கடிகாரத்தால் இன்றைக்கு ஒன்றும் கெட்டுவிடாது. ஓர் ஆண்டு தொடாமல் விட்டால் ஒரு மணி நேரம் பிந்தியிருக்கும்.

2018-ல் ஏவப்பட்ட நாசாவின் டெஸ் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுமார் 27 நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும். 10 நாளுக்கு ஒருமுறை கடக்கும் கோள் என்றால், அந்த 27 நாளில் இரண்டு அல்லது மூன்று கடப்புகள்தான் கிடைக்கும். அதிலிருந்து கணித்த சுற்றுக்காலத்தில் வெறும் 3 நிமிடம் பிசகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் அந்தக் கோள் சுமார் 110 முறை சுற்றியிருக்கும். 110 பெருக்கல் 3 என்றால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம். கோள் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. எப்போது எட்டிப்பார்த்தால் தெரியும் என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் போச்சு.

2025-ல் சனிப்பெயர்ச்சி எப்போது என்று நம் ஊரில் எழுந்த குழப்பம் பலருக்கும் நினைவிருக்கும். திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது. வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் வரை காத்திருக்கச் சொன்னது. ஜோதிடத்தை விடுங்கள். வானத்தில் இருப்பது ஒரே சனிக்கோள், கணக்குதான் இரண்டு. ஒன்று பழைய வாய்பாடுகளை அப்படியே பின்பற்றுவது, மற்றொன்று வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வது. புறக்கோள் ஆய்வாளர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். திருத்தாத கணக்கு எதுவானாலும் ஒருநாள் வானத்தோடு ஒத்துப்போகாது.

இதற்கு விலையும் உண்டு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பயன்படுத்த, இருக்கிற நேரத்தைப் போலப் பல மடங்கு விண்ணப்பங்கள் குவிகின்றன. கடப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஒளி எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட, அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் பார்த்தாக வேண்டும். நேரம் சந்தேகமாக இருந்தால், அந்த 'முன்னும் பின்னும்' நீண்டுகொண்டே போகும். அப்படி வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் இன்னொரு ஆய்வாளருக்குக் கிடைக்காமல் போன நேரம்.

பிசகே தகவலாகும் இடம்

இதுவரை பிசகைத் தொல்லையாகவே பார்த்தோம். சில சமயம் அதுதான் புதையல். கோள் நிஜமாகவே நேரம் தவறி வந்தால், அதை யாரோ இழுக்கிறார்கள் என்று அர்த்தம்.

யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை என்பதை வைத்துத்தான் 1846-ல் நெப்டியூன் பிடிபட்டது. அதே உத்தி புறக்கோள்களுக்கும் செல்லும் என்று 2005-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. ஒரு விண்மீனைச் சுற்றி இரண்டு கோள்கள் இருந்தால், ஒன்றையொன்று ஈர்ப்பால் இழுக்கும். அதனால் ஒருமுறை சில நிமிடம் முந்தி வரும், இன்னொருமுறை பிந்தி வரும். ஒரு கோள் இரண்டு சுற்று முடிக்கும் நேரத்தில் மற்றது சரியாக ஒன்று முடித்தால், இருவரும் திரும்பத் திரும்ப ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்திப்பார்கள். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, சின்னச் சின்ன இழுப்புகள் சேர்ந்து பெரிதாகும்.

2010-ல் கெப்ளர்-9 என்ற விண்மீனில் இது தெளிவாகத் தெரிந்தது. அங்கே இரண்டு கோள்கள் சுமார் 19, 39 நாள் சுற்றுக்காலத்தோடு இப்படி இழுத்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டே, கெப்ளர்-19 விண்மீனில் 9.3 நாளுக்கு ஒருமுறை கடக்கும் கோள், 5 நிமிடம் முன்பின்னாக ஆடுவது தெரிந்தது. கண்ணுக்கே தெரியாத இன்னொரு கோள் அங்கே இருப்பதை அந்த 5 நிமிடம் காட்டிக்கொடுத்தது.

கெப்ளர்-88 கதை இன்னும் சுவாரசியம். சுமார் 11 நாளுக்கு ஒருமுறை வர வேண்டிய கோள், 12 மணி நேரம் வரை முந்தியும் பிந்தியும் வந்தது. 22 நாளில் சுற்றும், வியாழனின் எடையில் சுமார் 0.7 பங்குள்ள ஒரு கோள் அதை இழுக்கிறது என்று 2013-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்த இரண்டாவது கோள் விண்மீனைக் கடப்பதே இல்லை, ஆகவே யாரும் பார்த்ததும் இல்லை. பின்னர் பிரான்சின் ஓத்-பிரோவான்ஸ் வானாய்வகத்தில், விண்மீனின் தள்ளாட்டத்தை வேறொரு முறையில் அளந்தார்கள். ஏறத்தாழ அதே எடையில், அதே சுற்றுக்காலத்தில் கோள் இருந்தது!

நேரத்தை வைத்து எடையே போடலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். கடப்பின் ஆழம் கோளின் அளவைச் சொல்லும். அண்டைக் கோளை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பது எடையைச் சொல்லும். இரண்டும் தெரிந்தால் அடர்த்தி வரும். அது பாறையா, வாயு உருண்டையா என்று அடர்த்தி சொல்லிவிடும்.

40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 இதற்கு நல்ல உதாரணம். வியாழனைவிடச் சற்றே பெரிய அந்தச் சின்ன விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக 2017 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஏழாவது கோள் அதுவரை ஒரே ஒருமுறைதான் சிக்கியிருந்தது. ஆகவே, அது எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரியாது. ஆனால், மற்ற ஆறும் ஒரு சங்கிலிபோல ஒன்றோடொன்று கணக்கு வைத்துச் சுற்றின. அப்போது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரோட்ரிகோ லூகர் குழுவினர், அந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்க ஏழாவது கோளுக்கு ஆறு சுற்றுக்காலங்கள்தான் சாத்தியம் என்று கணித்தார்கள். இருந்த தரவை வைத்து ஐந்தைத் தள்ளினார்கள். மிஞ்சியது சுமார் 18.77 நாள். கெப்ளர் தரவு வந்தபோது கோள் அதே காலத்தில் வந்து நின்றது. 2021-ல், நேரப் பிசகுகளை மட்டும் வைத்தே ஏழு கோள்களின் எடையையும் 3 முதல் 5 சதவீதத் துல்லியத்தில் சொல்லிவிட்டார்கள்.

முதலில் கடிகாரத்தைப் பார்

அப்படியானால், பிசகு தெரிந்த இடத்தில் எல்லாம் புதுக்கோளா? அங்கேதான் நிதானம் வேண்டும்.

பூமி சூரியனைச் சுற்றுவதால், ஒரே விண்மீனின் ஒளி ஆண்டின் ஒரு சமயம் 8 நிமிடம் வரை முந்தியும், ஆறு மாதம் கழித்து அதே அளவு பிந்தியும் நமக்கு வந்துசேரலாம். இதைக் கழிக்காவிட்டால் எல்லாக் கோள்களும் ஆடுவதுபோலத் தெரியும். அதனால், சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்தில் நின்று பார்த்தால் என்ன நேரமோ, அந்த நேரத்துக்கு எல்லோரும் மாற்றிக்கொள்கிறார்கள்.

நம் செல்பேசி காட்டும் உலகப் பொது நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக, 1972-லிருந்து 27 'லீப் விநாடி'களை அதில் சேர்த்திருக்கிறார்கள். வானியலாளர்கள் பயன்படுத்தும் சீரான நேரத்துக்கும் அதற்கும் இன்றைக்கு 69 விநாடி வித்தியாசம். எந்த நேரத்தில் எழுதினோம் என்று குறிப்பிடாமல் விட்டால், ஒரு நிமிடத்துக்கும் மேல் பொய்யான பிசகு முளைத்துவிடும். கெப்ளர் திட்டத்தின் தரவிலேயே ஒரு கட்டம் வரை 66 விநாடி வித்தியாசம் இருந்து, பிறகு திருத்தப்பட்டது.

கடிகாரம் சரியாக இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம். வாஸ்ப்-4பி என்ற கோள், கணித்ததைவிடச் சுமார் 82 விநாடி முந்தி வருவதை டெஸ் காட்டியது. கோள் விண்மீனை நோக்கிச் சரிகிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. 2020-ல் மேலும் அளந்து பார்த்தால், அந்த விண்மீனே நம் பக்கமாக வேகம் பிடித்து வந்துகொண்டிருப்பது தெரிந்தது. தூரம் குறையக் குறைய, ஒளி சீக்கிரம் வந்துசேர்கிறது.

வாஸ்ப்-12பி கதை வேறு. அது நிஜமாகவே சரிகிறது. 26 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் அந்தக் கோளின் சுற்றுக்காலம் ஆண்டுக்கு 29 மில்லி விநாடி குறைகிறது. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துண்டு! ஆனால் பத்து ஆண்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளில் அது சேர்ந்து, சுமார் 8 நிமிட வித்தியாசமாக நிற்கிறது. இப்படியே போனால், சுமார் 30 லட்சம் ஆண்டுகளில் விண்மீனே அந்தக் கோளை விழுங்கிவிடும். 2008-ல் அந்தக் கோள் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து பலரும் விடாமல் நேரம் குறித்து வைத்ததால்தான் இது தெரிந்தது.

அவசரப்பட்டதற்கு உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1855-ல் மெட்ராஸ் வானாய்வகத்தின் டபிள்யூ.எஸ். ஜேக்கப், 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் நகர்வு கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்தார். அங்கே ஒரு கோள் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு என்று எழுதினார். புறக்கோள் பற்றிய மிகப் பழைய அறிவியல் கோரல்களில் அதுவும் ஒன்று. பின்னால் வந்த கணக்குகள் அதை ஏற்கவில்லை. கேள்வி சரி, அளவுகள்தான் போதவில்லை.

யார் செய்கிறார்கள் இந்த வேலையை?

பெரிய தொலைநோக்கிகளுக்கு இதற்கு நேரமில்லை. ஆகவே, இந்த வேலை பெரும்பாலும் சின்னத் தொலைநோக்கிகளிடம் வந்திருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை, சுமார் 1,000 புறக்கோள்களின் வளிமண்டலத்தைப் பார்க்க ஏரியல் என்ற தொலைநோக்கியைத் தயாரித்துவருகிறது. அதற்கு நம்பகமான நேர அட்டவணை தர, 2019-ல் எக்ஸோகிளாக் என்ற திட்டம் தொடங்கியது. தொழில்முறை வானியலாளர்களோடு ஆர்வலர்களும் இதில் வேலை செய்கிறார்கள். 2023-ல் வெளியான அவர்களின் பட்டியலில் 450 கோள்களுக்குப் புது நேரக் கணக்கு இருந்தது.

நாசாவின் எக்ஸோபிளானெட் வாட்ச் திட்டத்துக்குச் சொந்தத் தொலைநோக்கிகூட வேண்டாம். அவர்கள் தரும் படங்களை, கூகுள் கோலாப்பில் ஓடும் இலவச மென்பொருளில் போட்டு, மத்திம நேரத்தைக் கண்டுபிடித்து அனுப்பலாம். பைத்தான் தெரிந்த ஐடி ஊழியர் ஒருவர், சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தே செய்துவிடக்கூடிய வேலை.

இந்தியாவுக்கு இதில் தனி இடம் உண்டு. கடப்பு நமக்காகக் காத்திருக்காது. அது நடக்கும்போது எங்கே இரவோ, அங்கே இருப்பவர்தான் பார்க்க முடியும். உலகின் பெரிய தொலைநோக்கிகள் குவிந்திருக்கும் சிலியில் நண்பகல் என்றால், இங்கே இரவு 9 மணியை ஒட்டிய நேரம். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 1.3 மீட்டர் தொலைநோக்கியையும், லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியையும் வைத்து, இந்திய வானியற்பியல் நிறுவன ஆய்வாளர்கள் ஐந்து கோள்களின் கடப்புகளை அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். அந்த ஐந்தில் வாஸ்ப்-12பியும் ஒன்று.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, தொலைநோக்கி நேரத்தைப் பங்கிடும் குழுக்கள் இந்தத் திருத்தும் வேலைக்கென்று ஆண்டுதோறும் சில இரவுகளை ஒதுக்க வேண்டும். 'இதில் புதுசா என்ன இருக்கு?' என்று கேட்டு ஒதுக்கித் தள்ளக் கூடாது. கே2-18பியைக் காப்பாற்றியது அப்படி ஒரு சரிபார்ப்புதான்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கும் சின்னத் தொலைநோக்கிகளை இந்தப் பணியில் இணைக்க வேண்டும். வியாழன் அளவுக் கோள் தரும் 1 சதவீதச் சரிவை அளக்க, நல்ல கேமராவும் சின்னத் தொலைநோக்கியுமே போதும். உலக அளவில் பயன்படும் ஓர் எண்ணை ஒரு இளநிலை மாணவர் ஒரே இரவில் அளந்து தர முடிகிற துறைகள் அதிகமில்லை.

மூன்றாவது, 'கோள் சொன்ன நேரத்துக்கு வந்தது' என்ற சாதாரண முடிவையும் வெளியிட வேண்டும். எந்த நேர முறையில் அளந்தோம், எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பதோடு அதைப் பொதுக் களஞ்சியத்தில் போட வேண்டும். பரபரப்பான முடிவை மட்டும் வெளியிட்டால், அடுத்தவர் போடும் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு, புதிதாக ஒரு விண்தொலைநோக்கி கட்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே பெரும் பணம் போட்டுக் கண்டுபிடித்த ஆயிரக்கணக்கான கோள்கள் நம் கணக்கிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்ளும் செலவு அது. வேறொரு உலகில் உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்கு என்றைக்காவது உறுதியான பதில் வந்தால், அந்தக் கோள் எத்தனை மணிக்கு வரும் என்பதை அதற்கு முன்பே யாரோ ஒருவர் சரியாகக் குறித்து வைத்திருப்பார்.